பெயர் வைத்தவள் நோயாளி

மனோவைத்தியத்தின் சரித்திரம் வைத்தியர்களின் பெயர்களாலேயே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஃப்ராய்டின் முறை, யுங்கின் முறை என்றுதான் பேசுகிறோம். தனக்கு எது ஒத்துவரும் என்று தேடி, வைத்தியரையே தன் வழிக்குத் திருப்பிய நோயாளி அடிக்குறிப்பில் கிடக்கிறார். ஆனால் முறை பிறந்தது அந்த அடிக்குறிப்பில்தான்.

1880 முதல் 1882 வரை வியன்னாவில் ஜோஸப் ப்ராயர் கவனித்த பெண்ணுக்குப் புத்தகத்தில் பெயர் அன்னா ஓ. நிஜப்பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். சிகிச்சை தொடங்கியபோது வயது 21. நோயுற்ற தகப்பனாருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தவர், தானே படுக்கையில் விழுந்தார். கை கால் மரத்தது. தாய்மொழியான ஜெர்மன் கைவிட்டுப்போய் இங்கிலீஷ் மட்டும் நாவில் நின்றது. மாலை வேளைகளில் அவர் கதை சொல்வார், ப்ராயர் கேட்பார். சொல்லி முடித்ததும் மனம் அடங்கும். இதற்குப் ‘பேச்சு வைத்தியம்’ என்றும், விளையாட்டாகப் ‘புகைபோக்கி துடைத்தல்’ என்றும் இங்கிலீஷில் பெயர் வைத்தவர் பெர்த்தா. ப்ராயர் செய்த பெரிய காரியம் உட்கார்ந்து கேட்டது.

எம்மி என்ற பெயரில் அதே புத்தகத்தில் வரும் இன்னொரு பெண், 1889-ல், இது எங்கிருந்து வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று துருவிக்கொண்டிருந்த ஃப்ராய்டிடம், கேள்வியை நிறுத்தித் தன்னைப் பேசவிடும்படி எரிச்சலோடு சொன்னார். ஃப்ராய்ட் இணங்கினார். ஹிப்னாடிஸத்தை விட்டு, மனம்போன போக்கில் பேசவிடும் முறைக்கு அவர் வந்து சேர்ந்ததில் இந்த எரிச்சலுக்கும் பங்குண்டு.

இதைப் புராணமாக்கவும் கூடாது. 1895-ல் வந்த அந்தப் புத்தகத்தைப் படிப்பவர் பெர்த்தா குணமாகிவிட்டார் என்றே நினைப்பார். 1972-ல் ஹென்றி எல்லன்பெர்கர் வெளிக்கொண்டுவந்த ஆஸ்பத்திரிக் குறிப்புகள் வேறு சொல்கின்றன. 1882 ஜூலையில் அவர் ஸ்விட்ஸர்லாந்தில் பெல்வ்யூ சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார். முகநரம்பு வலிக்குத் தரப்பட்ட மார்பியா பழக்கமாகியிருந்தது. பிற்பாடு 1904-ல் ஜெர்மனியில் யூதப் பெண்களுக்கான சங்கத்தை நிறுவி, கடைசிவரை பொதுவேலையில் இருந்தார். அவருக்கு ஒத்துவந்தது எது என்று கேட்டால் பேச்சோடு நிறுத்திவிட முடியாது.

எழுதுகிறவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. நோய் போனால் கவிதையும் போய்விடும் என்று நம்மவர்கள் ரில்கேயைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். 1912 ஜனவரியில் துயினோவில் அவர் மனப்பகுப்பை மறுத்தது உண்மை. அதே மாதம் துயினோ எலிஜிகள் தொடங்கியதும் உண்மை. ஆனால் மறுக்குமுன் வைத்தியர் கெப்ஸாட்டலுக்குக் கடிதம் எழுதினார், லூ ஆந்த்ரேயாஸ்-ஸலோமேயிடம் யோசனை கேட்டார். அது பரிசீலித்து எடுத்த முடிவு. சோம்பலுக்கும் பயத்துக்கும் அதை முன்மாதிரியாக்க முடியாது.

எதிர்ச்சாட்சி ஹெச்.டி. கவிதை தடைப்பட்ட நிலையில் 1933-லும் 1934-லும் ஃப்ராய்டிடம் போனார். கார்ஃபூ தீவில் 1920-ல் சுவரில் தான் கண்ட சித்திரங்களை ஃப்ராய்ட் ஆபத்தான நோய்க்குறி என்றபோது, அவருக்கு அவை உள்ளெழுச்சியாகவே இருந்தன. வைத்தியரை விடவில்லை, தன் தரிசனத்தையும் விடவில்லை. பின்னால் யுத்தகாலத்து லண்டனில் பெரிய கவிதைகளை எழுதினார்.

ரில்கே மறுத்தார், ஹெச்.டி. போனார். இரண்டும் சரியாக இருந்ததற்குக் காரணம், தனக்கு என்ன வேண்டும் என்ற விசாரணையை இருவரும் வைத்தியரிடம் ஒப்படைத்துவிடாததுதான். பெர்த்தாவும் எம்மியும் அதை முதலில் செய்தவர்கள். அவர்களை நாம் படிப்பதில்லை.