ரொட்டித் துண்டு கேட்கக் கூசிய பையன்

இன்னைக்கு இழை கொஞ்சம் நீளம். டீயோ காபியோ பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிங்க.

காலேஜ் திறக்கிற மாதங்களில் என் ஓபிக்கு ஒரே மாதிரியான சில பிள்ளைகள் வருவாங்க. பதினெட்டு, பத்தொன்பது வயசு. எல்லாம் வெளியூர். வயிற்றெரிச்சல், தலைசுத்தல், தூக்கம் வரலைன்னு சொல்வாங்க. வந்து ரெண்டு மாசத்துல நாலஞ்சு கிலோ இறங்கியிருக்கும். ரத்தப் பரிசோதனையில் பெரிசா எதுவும் இருக்காது. "என்னப்பா சாப்பிடுறே?"ன்னு கேட்டா மட்டும் தலை குனிஞ்சிடும்.

அந்தக் குனிவு எனக்குத் தெரியும். எம்.பி.பி.எஸ். சேர சென்னை வந்தப்போ, மெஸ்ஸில் இன்னொரு கரண்டி சோறு கேட்கக் கூச்சப்பட்டு பாதி வயித்தோட எழுந்தவன் நான்.

அந்தப் பிள்ளைகளுக்கு மாத்திரையோட சேர்த்து ஒரு கதையும் சொல்வேன். 1888-ல் லண்டன் போன ஒரு குஜராத்திப் பையன் கதை. பேர் மோகன்தாஸ். ஆமா, அவரேதான். ஆனா இந்த இழை முடியும்வரை மகாத்மாவை மறந்துடுங்க. ஊருக்குப் புதுசா வந்த ஒரு பசிச்ச பையனை மட்டும் மனசுல வைங்க.

1888 செப்டம்பர் 4. பம்பாயில் கப்பல் ஏறுகிறார். வயது பதினெட்டு. வீட்டில் மனைவி, பிறந்து சில மாதங்களே ஆன ஆண் குழந்தை. அம்மாவுக்கு மூணு சத்தியம் செய்து கொடுத்திருக்கார்: மது, மாது, மாமிசம் தொட மாட்டேன். கடல் தாண்டுறது தப்புன்னு சாதிக் கூட்டம் வேற தள்ளி வச்சாச்சு. வழியனுப்ப வர்றவங்களுக்குக் கூட ஒரு ரூபாய் நாலணா அபராதம்.

கப்பலில் முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்தப் பண்டத்தில் கறி இருக்குன்னு கேட்க வெட்கம். அதனால சாப்பாட்டு மேசைக்கே போகலை. வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே தின்னுட்டு வந்தார். பசி அங்கேயே ஆரம்பிச்சாச்சு.

செப்டம்பர் கடைசி, ஒரு சனிக்கிழமை வந்து இறங்குகிறார். இறங்கும்போது நல்லா இருக்கணும்னு பத்திரப்படுத்தி வச்சிருந்த வெள்ளை ஃப்ளானல் சூட்டைப் போட்டுக்கிட்டார். இங்கிலாந்தில் அது இலையுதிர்காலம். சுத்திப் பார்த்தா வெள்ளை உடுப்பு அவர் ஒருத்தர்தான்! பெட்டிகள் எல்லாம் ஏஜென்ட் கையில். மறுநாள் ஞாயிறு, திங்கள்தான் கிடைக்கும். அதுவரை அதே வெள்ளை உடுப்புதான்.

விக்டோரியா ஹோட்டலில் தங்குகிறார். லிஃப்டுக்குள் கூட்டிட்டுப் போனாங்க. அதை ஒரு அறைன்னு நினைச்சு, கொஞ்ச நேரம் இங்கே உட்காரணும் போலன்னு நினைச்சாராம்.

அன்னைக்கு சாயங்காலம் பார்க்க வந்தவர் ஒரு டாக்டர், பிராண்ஜீவன் மேத்தா. (நம்ம ஆள்னு எனக்குக் கொஞ்சம் பெருமை.) அவரோட உயரமான தொப்பியைப் பையன் ஆசையா எடுத்து எதிர்ப்பக்கமா தடவ, மெத்துனு இருந்த ரோமமெல்லாம் கலைஞ்சு போச்சு. டாக்டர் கொஞ்சம் கோபமா பார்த்துத் தடுத்தார். உட்கார வச்சு முதல் பாடம் எடுத்தார்: அடுத்தவங்க பொருளைத் தொடாதே, பார்த்த உடனே சொந்த விஷயம் விசாரிக்காதே, சத்தமா பேசாதே. நம்ம ஊர்ல பஸ்ஸில் பக்கத்துல உட்கார்ந்தவங்ககிட்ட நாம முதல்ல செய்றதெல்லாம் இதானே!

ஹோட்டலில் ஒரு பண்டம் வாங்குவார், வாய்க்குப் பிடிக்காது. இன்னொண்ணு வாங்குவார். ரெண்டுக்கும் காசு. மொத்த பில் 3 பவுண்டு. வயிறு நிறைந்ததோ பம்பாயிலிருந்து கொண்டுவந்த தீனியால்தான். அப்புறம் வாடகை அறைக்கு மாறினார். அந்த வாரமே அக்டோபர் 2 வந்து போச்சு. பத்தொன்பது வயசு முடிஞ்சது.

ராத்திரி ஆனா அழுகை. அம்மா ஞாபகம், வீட்டு ஞாபகம், தூக்கம் கிடையாது. யார்கிட்டயும் சொல்லவும் முடியலை. இருக்கவும் பிடிக்கலை, திரும்பிப் போகவும் முடியாது. இதெல்லாம் அவரே "சத்திய சோதனை"யில் எழுதி வச்சதுதான். நான் ஓபியில் கேட்கிறதும் இதேதான், தேதி மட்டும்தான் வேற.

நாலு பேருக்கு அறிமுகக் கடிதம் கையில் இருந்தது. அதில் ஒண்ணு தாதாபாய் நௌரோஜிக்கு. லண்டன் இந்தியர்களுக்கெல்லாம் பெரியவர். அவரைத் தொந்தரவு செய்ய நமக்கு என்ன யோக்கியதைன்னு நினைச்சு, ரொம்ப காலம் அந்தக் கடிதத்தைக் கொடுக்கவே இல்லை. பையில் உதவி இருந்தும் கேட்கலை. புது ஊர்ல நாம எல்லாரும் செய்ற தப்பு இது.

ஒரு மாசம் ரிச்மண்டில் ஒரு நண்பரோட தங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி, அது பரவாயில்லை. மதியமும் ராத்திரியும் கீரை, ரொட்டி, ஜாம். பால் கிடையாது. நல்லா சாப்பிடுற உடம்பு, ஆனா ரெண்டு மூணு துண்டுக்கு மேல ரொட்டி கேட்க வெட்கம். பத்தொன்பது வயசு ஆண் உடம்புக்கு இது எந்தக் கணக்குலயும் போதாது. நண்பரோ கறி சாப்பிடச் சொல்லி தினமும் வாதம். பெந்தாமோட தத்துவப் புத்தகத்தை வேற படிச்சுக் காட்டினார். பையன் சொன்ன பதில் சுருக்கம்: நீங்க சொல்றது எனக்குப் புரியலை, ஆனா சத்தியம் சத்தியம்தான்.

பிறகு மேற்கு கென்சிங்டனில் ஒரு விதவை அம்மா வீட்டில் தங்கல். அந்த வீட்டுப் பெண்கள் ரெண்டு பேர் ஒண்ணு ரெண்டு ரொட்டி கூடுதலா வைக்கத்தான் செய்தாங்க. முழு ரொட்டி வச்சாத்தான் வயிறு நிறையும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? இவர் சொன்னாத்தானே!

இங்கேதான் கதை திரும்புது. நகரத்தில் மரக்கறி உணவகங்கள் இருக்குன்னு வீட்டுக்கார அம்மா சொல்லியிருந்தாங்க. எங்கேன்னு தெரியாது. பையன் நடக்க ஆரம்பிச்சார். தினமும் 10, 12 மைல். நம்ம கணக்கில் 16 முதல் 19 கிலோமீட்டர். உங்க வாட்ச் இருபதாயிரம் ஸ்டெப்பைத் தாண்டிக் காட்டும்.

அன்னைக்கு லண்டன் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? ஏறக்குறைய நாற்பது லட்சம் ஜனம். நிலத்தடியில் நீராவி ரயில். நிலக்கரிப் புகை. அந்த இலையுதிர்காலத்தில் நகரத்தின் கிழக்குப் பகுதி முழுக்க ஜாக் த ரிப்பர் கொலைகளால் நடுங்கிக்கிட்டு இருந்தது. அந்த ஊர்லதான் பசிச்ச வயித்தோட தெருத் தெருவா போர்டு பார்த்துக்கிட்டு ஒருத்தர் அலையுறார். வழியில் ஏதாவது மலிவுக் கடையில் நுழைஞ்சு ரொட்டியா தின்பார். வயிறு நிறையும், மனசு நிறையாது.

ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் அந்தக் கடை கண்ணில் பட்டது. 1863-ல் உலகின் முதல் நிலத்தடி ரயில் வந்து நின்ற கடைசி நிறுத்தம் அந்தத் தெருப்பெயரில்தான் இருந்தது. ரயில்ல வந்திருந்தா சீக்கிரம் வந்திருக்கலாம். ஆனா எங்கே இறங்கணும்னே தெரியாதவனுக்கு எந்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுக்கிறது? வாய் கேட்கக் கூசினதை கால்தான் தேடிக் கண்டுபிடிச்சது.

பார்த்ததும் ஆசைப்பட்ட பொருள் கிடைச்ச குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டேன்னு எழுதுறார். உள்ளே நுழையும் முன்னாடி, வாசல் பக்கம் கண்ணாடிக்குப் பின்னால விற்பனைக்கு வச்சிருந்த ஒரு புத்தகத்தை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். மரக்கறி உணவுக்காக ஹென்றி சால்ட் எழுதியது. அதோட நேரா சாப்பாட்டு அறை. இங்கிலாந்து வந்து வயிறார சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான்.

இந்தப் புத்தகம் செய்த வேலை பெரிசு. ராஜ்கோட்டில் நண்பனோட சேர்ந்து ஒளிஞ்சு கறி தின்னவர் இவர். இந்தியர்கள் எல்லாரும் கறி சாப்பிட்டாத்தான் வெள்ளைக்காரனை ஜெயிக்க முடியும்னு நம்பினவர். அதுவரைக்கும் விலகி இருந்தது அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக. இதைப் படிச்ச பிறகு தன் விருப்பத்துக்காக. மரக்கறி சரியா தப்பாங்கிற சண்டைக்கு நான் வரலை, கமெண்டில் ஆரம்பிக்காதீங்க. நான் சொல்றது வேற: அந்த உணவகத்து வழியாத்தான் அவருக்கு லண்டனில் மனுஷங்க கிடைச்சாங்க. மரக்கறிச் சங்கம், அதன் செயற்குழு, அதன் பத்திரிகை. 1891-ல் அச்சில் வந்த அவரோட ஆரம்பகாலக் கட்டுரைகள் அந்தப் பத்திரிகையில்தான்.

உடனே எல்லாம் சரியாயிடலை. இடையில் ஒரு மூணு மாசம் ஜென்டில்மேன் பைத்தியம் பிடிச்சது. 19 ஷில்லிங்குக்குத் தொப்பி, பாண்ட் தெருவில் 10 பவுண்டுக்கு சூட், நடன வகுப்பு, வயலின், பேச்சுப் பயிற்சி. நடனத்தில் தாளத்துக்குக் கால் வரலை. புத்தி வந்ததும் வயலினை வித்துடச் சொல்லிட்டார்.

அதுக்கப்புறம் செலவுக்குப் பைசா பைசாவா கணக்கு. அறை பார்க்கும்போது ஒரே நிபந்தனை: வேலை இருக்கிற இடத்துக்கு அரை மணி நடையில் போய்ச் சேரணும். பஸ் காசு மிச்சம், தினமும் 8 முதல் 10 மைல் நடை. இங்கிலாந்தில் இருந்த காலம் முழுக்க நோய் அண்டாம இருந்ததுக்கு இந்த நடைதான் காரணம்னு அவரே சொல்றார். ஒரு டாக்டரா இதுக்கு மேல நான் சேர்க்க ஒண்ணும் இல்லை.

இன்னும் ஒரே ஒரு காட்சி. ஆரம்ப நாட்களில் அந்தக் கறி சாப்பிடச் சொன்ன நண்பர், நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, ஹோல்பர்ன் உணவகத்தில் விருந்து வச்சார். பெரிய இடம். சூப் வந்தது. இதில் கறி இருக்கான்னு கேட்க இவர் சர்வரைக் கூப்பிட, நண்பருக்குக் கோபம் வந்துடுச்சு. நாகரிகமான இடத்துக்கு நீ லாயக்கில்லை, வேற எங்கேயாவது தின்னுட்டு வெளியே நில்லுன்னுட்டார். எழுந்து வந்தார். பக்கத்தில் இருந்த மரக்கறிக் கடை மூடியிருந்தது. அன்னைக்குப் பட்டினியாவே நாடகம் பார்த்தார்.

1891 ஜூன். பாரிஸ்டர் ஆயாச்சு, 12-ம் தேதி கப்பல். கிளம்புறதுக்கு முன்னாடி நண்பர்களுக்கு ஒரு விருந்து கொடுக்க நினைச்சார். இடம், அதே ஹோல்பர்ன் உணவகம். நிர்வாகியிடம் பேசி முழுக்க மரக்கறிச் சாப்பாடு ஏற்பாடு. சாப்பிட்டு முடிஞ்சு பேச எழுந்தார். வேடிக்கையா ஒண்ணு சொல்லணும்னு நல்லா தயார் பண்ணிட்டுத்தான் வந்திருந்தார். முதல் வாக்கியத்தோட மறந்து போச்சு. வந்ததுக்கு நன்றின்னு மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துட்டார்.