வழிப்போக்கனுக்கு மட்டுமல்ல திண்ணை

பழைய வீடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் திண்ணையைச் சொல்லாமல் யாரும் முடிப்பதில்லை. வழிப்போக்கர்கள் வெயிலுக்கு ஒதுங்கவும் இரவில் படுத்துப் போகவும் முன்னோர் திண்ணை கட்டி வைத்தார்கள், பிறகு மனசு சுருங்கியது, திண்ணையும் போய்விட்டது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அதில் பாதி உண்மை. வழிப்போக்கர்கள் திண்ணையில் படுத்தது நிஜம்தான். ஆனால் ஓட்டு வீடு, கூரை வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் ஊர் ஊராக ஒரு கட்டுமானம் நூற்றாண்டுகள் நின்றிருக்கிறது என்றால், தர்ம சிந்தனை மட்டுமே அதற்குக் காரணமாக இருக்க முடியாது. திண்ணை, நிலைவாசல், அதைத் தாண்டிய ரேழி, மூன்றும் சேர்ந்து வீட்டுக்காரருக்கு அன்றாடம் ஒரு வேலையைச் செய்துகொடுத்தன. தெருவிலிருந்து வரும் ஆள், பொருள், அழுக்கு, நோய் எல்லாவற்றையும் ஒரு கணம் நிறுத்தி, எது எதுவரை வரலாம் என்று பிரித்துவிட்ட இடம் அது. உபசரிப்பும் விலக்கிவைப்பும் ஒரே மேடையில் நடந்தன. அந்த வேலைகள் ஒவ்வொன்றாக வேறு இடங்களுக்குப் பெயர்ந்துபோன பிறகுதான் திண்ணை இடிபட்டது.

இந்த ஏற்பாடு எவ்வளவு பழையது என்பதற்குச் சங்க நூலான பட்டினப்பாலையே சாட்சி. காவிரிப்பூம்பட்டினத்து மாளிகைகளைச் சொல்லும்போது படிக்கட்டு, திண்ணை, வாயில், இடைகழி (ரேழிதான்) என்று தெருவிலிருந்து உள்ளே போகும் வரிசையிலேயே அது அடுக்குகிறது. திருக்கோவலூரில் முதலாழ்வார்கள் மூவரும் மழை இரவில் சந்தித்ததாக வைணவ மரபு சொல்லும் இடமும் ஓர் இடைகழிதான். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவு அது. அந்தக் கதையைக் கேட்ட எவருக்கும் அப்படி ஓர் இடம் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. பலர் வீட்டிலும் இருந்தது. தஞ்சைப் பக்கத்து வீடு ஒன்றின் முகப்பைக் கிட்டே போய்ப் பார்த்தால் அதன் யோசனை புரியும். நாட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம், நிற்பவர் தலையில் இடிக்குமோ என்று தோன்றும் அளவுக்குத் தாழ இறங்கியிருக்கும்; சாரலும் சாய்வெயிலும் திண்ணையை எட்டாமல் இருக்கத்தான் அந்தத் தாழ்வு. திண்ணை இரண்டு, இரண்டரை அடி உயரம்: தெருவில் நிற்பவர் அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடலாம், தெருத்தண்ணீரும் ஏறாது. ஒரு கோடியில் தலை வைக்கச் சரிவாக ஒரு மேடு. சுவரில் விளக்கு வைக்க மாடம். நிலைவாசல் குட்டை, குனிந்துதான் நுழைய வேண்டும்.

ஒவ்வொரு அடியிலும் ஏதோ ஒன்று நிறுத்தப்பட்டது. செருப்பு படிக்கட்டின் கீழேயே நின்றுவிடும். புழுதி, வாசலில் வைத்த தவலைத் தண்ணீரையும் செம்பையும் தாண்டாது. காலைக் கழுவாமல் உள்ளே வருபவரை வீட்டுப் பாட்டி விடமாட்டார். மண் தெருவும் வெறுங்காலும் இருந்த ஊரில் அது வெறும் ஆசாரம் இல்லை, தரையில் உட்கார்ந்து தரையில் சாப்பிட்டுத் தரையில் படுத்தவர்களின் தேவை. களத்திலிருந்து வந்த மூட்டை ரேழியில் இறங்கும், அங்கேயே மரக்காலால் அளந்து கணக்கு முடியும். வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகப்படும். அதைப் பார்த்ததும் வந்தவர் வாசலோடு திரும்பிவிடுவார். நோய்த்தொற்று பற்றிய அறிவியல் வருவதற்கு நெடுங்காலம் முன்பே வாசல் அந்தக் காவலைச் செய்தது. செட்டிநாட்டில் இதே ஏற்பாடு பணம் படைத்த வடிவம் எடுத்தது. பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய முகப்புத் திண்ணையில் கணக்குப்பிள்ளை பெட்டியோடு அமர்ந்திருப்பார். கொடுக்கல் வாங்கல் அங்கே முடிந்துவிடும். குடும்பத்தின் கல்யாணமும் சடங்கும் நடக்கும் வளவுக்குள் தொழில் நுழைய வேண்டியிருக்கவில்லை.

படிப்பும் திண்ணையில் நடந்தது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன; மக்கள்தொகை ஏறக்குறைய 1 கோடியே 28 லட்சம். இவை எல்லாமே திண்ணையில் நடந்தவை அல்ல, கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் நடந்தவை உண்டு. ஆனால் தமிழ்ப் பகுதியில் எழுத்தறிவித்த பள்ளிக்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. தனிக் கட்டடம் இல்லாமல், வாடகை இல்லாமல், வாத்தியாருக்கு நெல்லும் காசும் கொடுத்து நடந்த பள்ளிக்கு நிழலும் மேடையும் மட்டுமே தேவைப்பட்டன. மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவார்கள், பிறகு ஓலை, எண்சுவடி, ஆத்திசூடி. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லுவான். இப்படி மணலில் எழுதுவதைப் பார்த்துத்தான் எழும்பூரில் அனாதைச் சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் தன் முறையை வகுத்தார். 1797-ல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. வீட்டின் வெளிமேடை ஒன்றிலிருந்து இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது என்னை வியக்கவைக்கும் செய்தி. அந்நியர் வீட்டுப் பிள்ளைகள் இருபது பேர் நாள் முழுக்க ஒரு வீட்டில் இருந்தும் வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். திண்ணையின் பிரிக்கும் குணம்தான் பள்ளியைச் சாத்தியமாக்கியது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். பிரித்தது என்றால் யாரைப் பிரித்தது? சாதியைத்தான். அக்கிரகாரத் தெருவுக்குள்ளேயே வர முடியாதவருக்கு அங்கிருந்த திண்ணையின் குளிர்ச்சியால் என்ன பயன்? வயலில் உழைத்தவர் கூலிக்கு வாசலுக்கு வெளியே நின்றார், திண்ணையில் அமர உரிமை இல்லை. பிரிப்பு சாதியோடு நிற்கவும் இல்லை: மன்றோவின் கணக்கில் மாணவர்களில் பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். திண்ணையைத் தமிழரின் பரந்த மனத்துக்குச் சின்னமாக்கி எழுதுகிறவர்கள் இந்த மனிதர்களைப் படத்திலிருந்து அழித்துவிடுகிறார்கள், அது அநியாயம். ஆனால் இதிலிருந்து, திண்ணை ஒழிந்ததால் சாதி வாசலை விட்டு நீங்கியது என்ற முடிவுக்கு வர முடியாது. இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்பில் திண்ணை இல்லை. ஆனால் வாயிலில் பதிவேடு இருக்கிறது, வீட்டு வேலை செய்பவருக்குத் தனி லிஃப்ட் இருக்கிறது, சாமான் கொண்டுவரும் பையன் மழையில் கேட்டுக்கு வெளியே நிற்கிறான். விலக்கும் பழக்கம் மனிதரிடம் இருந்தது, மேடையில் இல்லை. மேடை போனபோது உட்காரும் இடம் மட்டும் போயிற்று.

திண்ணை போனதற்குக் காரணங்களை வரிசையாகவே காட்டலாம். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியபின், நடந்து போகும் பயணியின் காலம் மெல்ல முடிந்தது. சத்திரமும் பிறகு ஓட்டலும் மிச்சமிருந்தவரை ஏற்றுக்கொண்டன. பள்ளி அரசுக் கட்டடத்துக்குப் போயிற்று, கணக்கு வங்கிக்குப் போயிற்று, நெல் ஆலைக்குப் போயிற்று. தெருவை ஆக்கிரமிக்கும் கட்டுமானங்களை அகற்றும் அதிகாரத்தை 1920-ஆம் ஆண்டின் மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டம் நகராட்சிகளுக்குக் கொடுத்தது. தெருவோரத்துப் படியும் மேடையும் ஆக்கிரமிப்பு ஆகக்கூடியவை ஆயின. அதன்பின் வந்த கட்டட விதிகள் வீட்டைத் தெருவிலிருந்து உள்ளே தள்ளின. இடையில் விட்ட காலியிடத்தைச் சுற்றுச்சுவரும் காரும் எடுத்துக்கொண்டன. தொலைக்காட்சி வந்ததும் ஜனங்கள் உள்ளே போய்விட்டார்கள், திருட்டுப் பயம் வந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. அவை பின்னால் வந்தவை. பெட்டி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே நகரத்தில் திண்ணைக்கு வேலை குறைந்துவிட்டது. வேலையில்லாத மேடையை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வலிக்கவில்லை.

ஒரு வேலை மட்டும் எங்கும் போகவில்லை. வெளியிலிருந்து வருபவர் இன்றும் செருப்பைக் கழற்றுகிறார், குடையை உதறுகிறார், கையிலுள்ள பையை இறக்க இடம் தேடுகிறார். அடுக்குமாடியின் பொது நடைபாதையில் செருப்புகள் சிதறிக் கிடப்பதும், முழங்கால் வலிக்கும் பெரியவர் சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பதும் அந்த வேலைக்கு இடம் விடாததன் விளைவு. புதுச்சேரியில் வைசியாள் வீதியின் தமிழ் வீடுகளின் முகப்புகளைப் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் (INTACH) அமைப்பு சீரமைத்தபோது தாழ்வாரமும் திண்ணையும் திரும்ப வந்தன. அது நல்ல காரியம், ஆனால் ஒரு தெருவுக்கு மட்டும் கிடைத்த பாக்கியம். 600 சதுர அடி வீட்டில் திண்ணைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் கதவோரம் ஒரு மேடை போதும். அடியில் செருப்பு, மேலே உட்கார இடம், சுவரில் குடைக்கும் பைக்கும் இரண்டு முளை. தரை மட்டும் வீட்டுத் தரையைவிட ஓர் அங்குலம் தாழ்ந்து, ஈரம் வழிந்தோட ஒரு துளையோடு இருக்க வேண்டும். வரைபடம் போடும் நாளிலேயே சொல்லிவிட்டால் கொத்தனாருக்கு அது அரை நாள் வேலை. குடிபோன பிறகு கேட்டால் அந்த இடத்தில் ஷூ ரேக் நின்றிருக்கும்.