உடுக்கை

உடுக்கை, இடை சிறுத்து இரு முனையும் அகன்ற, ஒரு கையில் பிடித்து மறுகையால் அடிக்கும் சிறிய தோல் இசைக்கருவி. உடுக்கு என்றும் வழங்கும். தமிழ்நாட்டிலும் இலங்கைத் தமிழர் பகுதிகளிலும் அம்மன் வழிபாடு, குறி சொல்லுதல், கதைப்பாடல் ஆகியவற்றில் இது இசைக்கப்படுகிறது.

அமைப்பு

உடுக்கையின் உடல் மரத்தைக் குடைந்தோ பித்தளை முதலிய உலோகங்களாலோ செய்யப்படுகிறது. மண்ணால் ஆனவையும் உண்டு. நீளம் பெரும்பாலும் ஓர் அடிக்குள் அடங்கும். வளையத்தில் ஒட்டிய மெல்லிய தோல் இரு முகங்களையும் மூடுகிறது. ஆட்டின் இரைப்பைச் சவ்வும் இதற்குப் பயன்படும். வளையங்கள் உடலோடு ஒட்டப்படுவதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறி ஓடும் கயிறே இரண்டையும் இழுத்துப் பிடிக்கிறது. அந்தக் கயிறுகளைச் சேர்த்து இடைப்பகுதியில் ஒரு பட்டை சுற்றப்படும். அடிக்காத முகத்தின் குறுக்கே நூலோ மயிரிழையோ கட்டுவதுண்டு. அது தோலோடு சேர்ந்து அதிர்ந்து ஒலிக்குக் கரகரப்பைத் தருகிறது.

வாசிக்கும் முறை

இடக்கையால் இடையைப் பற்றி, வலக்கை விரல்களால் ஒரு முகத்தில் மட்டும் அடிப்பர். பற்றிய கை இறுக்கும்போது கயிறுகள் உள்வாங்கித் தோல் விறைக்கும், சுருதி ஏறும். பிடி தளர்ந்தால் இறங்கும். ஒரே அடியின் ஒலி முடிவதற்குள் சுருதியை ஏற்றி இறக்க முடிவதால், தாளக் கருவியாக இருந்தும் பாடுபவரின் குரலை ஒட்டி உடுக்கையால் நெளிந்து செல்ல முடிகிறது. ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும். அனலில் காட்டி விறைப்பேற்றுவர்.

வழிபாடும் கதையும்

மாரியம்மன், அங்காளம்மன் கோயில் விழாக்களில் உடுக்கை அடித்துப் பாடித் தெய்வத்தை அழைப்பர். தாளம் விரைவுபட அருள் வந்து ஆடுவர். வட மாவட்டங்களில் பம்பையும் உடன் ஒலிக்கும். தென் மாவட்டங்களில் உடுக்கடித்துக் குறி சொல்பவர் கோடாங்கி எனப்படுகிறார்.

கொங்குப் பகுதியில் அண்ணன்மார் கதை உடுக்கடிப் பாட்டாகப் பல இரவுகள் பாடப்படும். அக்கதையின் நாயகர்களான பொன்னர், சங்கர் இருவரும் களத்தில் வீழ்வதை நிகழ்த்திக் காட்டும் படுகளத்திலும் உடுக்கை ஒலிக்கும். தென்கோடி மாவட்டங்களின் வில்லுப்பாட்டில் வில், குடம், தாளம், கட்டை ஆகியவற்றோடு இதுவும் ஒரு பக்க இசைக்கருவி.

இலக்கியமும் சிற்பமும்

பழந்தமிழ் இலக்கியம் கூறும் துடி இதே இடை சிறுத்த வகையைச் சேர்ந்தது. துடி கொட்டுபவர் துடியர் எனப்பட்டனர். புறநானூறு துடியனை ஒரு குடியாகவே குறிப்பிடுகிறது. பாலை நிலத்து எயினர் வாழ்விலும் ஆநிரை கவரும் போரிலும் துடி முழங்கியது. சிலப்பதிகாரம் குறிக்கும் பதினோர் ஆடல்களுள் முருகன் ஆடிய துடிக்கூத்தும் ஒன்று. நடராசர் திருமேனியில் வலப்புற மேற்கையில் உடுக்கை இருக்கும். அது படைத்தல் தொழிலைக் குறிப்பதாகச் சைவர் கொள்வர்.

இனக் கருவிகள்

வடநாட்டு டமருவும் இதே வடிவமுடையது. ஆனால் கயிற்றில் கட்டிய முடிச்சுகள் இரு முகங்களிலும் படுமாறு அதை அசைத்து ஒலிப்பர். கேரளத்து இடக்கையைத் தோளில் தொங்கவிட்டுக் குச்சியால் வாசிப்பர். அங்கு ஐயப்பன் பாட்டுகளுக்கு உடுக்கே துணை. இலங்கையில் சிங்களவரின் உடக்கி, கையால் அடித்துச் சுருதி மாற்றும் முறையில் உடுக்கைக்கு மிக நெருக்கமானது.