செல்லோடேப்புக்கு அண்டூ கிடையாது

  இன்னிக்கு எபிசோட் பழைய காகிதத்தைப் பற்றியது. ஸ்கிப் பண்ணிடாதீங்க. இதில் ஒரு வெள்ளம் இருக்கு, நல்லெண்ணத்தில் நடந்த ஒரு பெரிய தப்பு இருக்கு, நான் செய்த ஒரு சின்னத் தப்பும் இருக்கு. சின்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2015 டிசம்பர், சென்னை வெள்ளம். எங்கள் வீடு தரைத்தளம். பீரோவின் கீழ்த்தட்டில் தாத்தாவின் கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. தாத்தா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். ஊறிப்போன நோட்டை மொட்டை மாடியில் காயவைத்து, கிழிந்த பக்கங்களையெல்லாம் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். "பரவாயில்லையே, பொறுப்பா பண்றான்"னு அம்மாகூட பாராட்டினாங்க. யாரும் படித்துப் பார்க்கவில்லை. நோட்டு அலமாரிக்குப் போய்விட்டது.

போன வருஷம் அப்பா ரிட்டயர் ஆனார். அந்த நோட்டை எடுத்துப் புரட்டியபோது ஒரு பக்கம் கிடைத்தது. அப்பாவின் பாலிடெக்னிக் ஃபீஸுக்காகத் தாத்தா கடன் வாங்கியவர்களின் பட்டியல். ஐந்து பேர். தாத்தா இதைப் பற்றி வாய் திறந்ததே கிடையாது. நாலு பெயர் படிக்க முடிகிறது. ஐந்தாவது பெயர் என் டேப்புக்கு அடியில் இருக்கிறது. டேப் பழுப்பாகி, பால்பாயிண்ட் பேனா மை பசையில் கரைந்து, வெறும் நீலக் கறையாக நிற்கிறது.

இதைச் சரிசெய்ய முடியுமா என்று தேடப்போய்த்தான் ஃப்ளாரன்ஸ் கதைக்குள் விழுந்தேன்.

1966 நவம்பர் 4. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு கரை தாண்டி ஊருக்குள் புகுந்தது. ஆற்றங்கரையிலேயே இருந்தது தேசிய மத்திய நூலகம். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் பத்திரிகைகளும் சேற்றில் மூழ்கின. வெறும் சேறு இல்லை. குளிர்காலத்துக்காக வீடுகளில் நிரப்பி வைத்திருந்த ஹீட்டிங் எண்ணெயும் அதில் கலந்திருந்தது. பல ஊர்களிலிருந்து வந்த மாணவர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகங்களை வெளியே கொண்டுவந்தார்கள். அந்தப் பசங்களை 'சேற்று தேவதைகள்' என்று இத்தாலியர்கள் இன்றும் சொல்கிறார்கள். புகையிலை உலர்த்தும் கொட்டகைகளில் வைத்துப் புத்தகங்களைக் காயவைத்தார்கள். ரயில் நிலையத்தின் பாய்லர் கட்டடத்தில் வைத்து ஒவ்வொரு தாளாகக் கழுவினார்கள்.

அதே நவம்பர் மாதக் கடைசியில் பிரிட்டனிலிருந்து பீட்டர் வாட்டர்ஸ் என்ற பைண்டர் ஒரு சின்னக் குழுவுடன் வந்து சேர்ந்தார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை போட்டார்கள். என்ன சேதம், என்ன செய்யணும், என்ன செய்தாச்சு, எல்லாம் அதில் இருக்கும். வேலை பார்த்தவர்கள் பல மொழிக்காரர்கள் என்பதால் குறியீடுகளைப் பயன்படுத்தினார்கள். நம்ம ஆபீஸ் டிக்கெட் மாதிரிதான்.

அங்கே இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, 1500களில் பழைய துணியிலிருந்து செய்த காகிதம் கழுவினாலும் தாங்கியது. 19ஆம் நூற்றாண்டில் மரக்கூழிலிருந்து வந்த காகிதம் தாங்கவில்லை. அந்தக் காகிதத்தில் மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் ரோசினும் சேர்த்தார்கள். அதிலிருந்து உருவாகும் அமிலம் உள்ளேயே இருந்து இழைகளை அறுக்கும். பழைய பாடப் புத்தகம் மஞ்சளாகி அப்பளம் மாதிரி நொறுங்குவதைப் பார்த்திருப்பீங்களே, அதற்குக் காரணம் இந்த அமிலம்தான்.

இரண்டாவது விஷயத்தைக் கவனித்தவர் அதே குழுவில் இருந்த கிறிஸ்டோபர் கிளார்க்சன். கெட்டி அட்டையும் கோந்தும் போட்ட பைண்டிங்கைவிட, பதப்படுத்திய தோலை மெல்லிய உறையாகப் போட்டு, பெரும்பாலும் நூலாலும் வாராலும் மட்டும் கோர்த்த பழைய பைண்டிங்குகள் வெள்ளத்தை நன்றாகச் சமாளித்திருந்தன. கோந்து குறைவு. அதனால் காகிதத்தைப் பிடித்து இழுக்க எதுவும் இல்லை. பிரிக்கணும்னா நூலை வெட்டினால் போதும்.

இப்போ அந்தப் பெரிய தப்புக்கு வருவோம். 1930களில் அமெரிக்காவில் வில்லியம் பாரோ என்பவர் ஒரு மெஷின் செய்தார். நொறுங்கும் தாளை இரண்டு செல்லுலோஸ் அசிட்டேட் பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்திவிடும். லேமினேஷன். அமிலம்தான் காகிதத்தின் எதிரி என்பதை உலகுக்குப் புரியவைத்ததில் பாரோவுக்குப் பெரிய பங்கு உண்டு, அதனால் அவரைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அமெரிக்க ஆவணக் காப்பகங்களில் ஆயிரக்கணக்கான ஆவணங்கள் அந்த மெஷினுக்குள் போய்வந்தன. டெல்லியில் நம் தேசிய ஆவணக் காப்பகம் மெஷினே இல்லாமல், அசிட்டோனில் நனைத்த பஞ்சால் தேய்த்து அதே படலத்தை ஒட்டும் வழியைக் கண்டுபிடித்தது. வெளிநாடுகளில் அதற்கு 'இந்தியன் ப்ராசஸ்' என்றே பெயர்.

வருஷங்கள் ஓடின. அந்த பிளாஸ்டிக்கும் சிதையக்கூடியது என்று தெரியவந்தது. சிதையும்போது வினிகர் வாசனை வரும், அதாவது அமிலம். எதிரியை வெளியே நிறுத்தப் போட்ட கதவே எதிரியானது. படலத்தை எடுக்க அசிட்டோனில் ஊறவைக்கணும். சில மைகள் அசிட்டோனில் கரைந்துவிடும்.

அதனால்தான் இன்று இந்தத் துறையில் முதல் கேள்வியே இது: நாம் செய்வதை நாளை இன்னொருவர் எடுக்க முடியுமா? கிழிந்த இடத்தில் மல்பெரிப் பட்டையில் செய்த மெல்லிய ஜப்பானியத் தாளை வைத்து, கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டுகிறார்கள். சினிமா போஸ்டர் ஒட்டும் மைதா பசைக்கு அது சொந்தக்காரப் பசை, கொஞ்சம் சுத்தமானது. ஈரம் பட்டால் விட்டுவிடும். 'அது ஒரு குறையாச்சே' என்று நினைத்தேன். அந்த வேலைக்கு அதுதான் தகுதியாம்.

சாப்ட்வேரில் எனக்கு இது பழக்கம். பழைய வெர்ஷனுக்குத் திரும்ப வழி இல்லாமல் எதையும் நாங்கள் லைவில் போடமாட்டோம். ஆனால் எங்களுக்கு பேக்கப் இருக்கும். தாளுக்கு அது கிடையாது. இருப்பது ஒரே காப்பி.

கடைசியில் நோட்டை எடுத்துக்கொண்டு, நூலகம் ஒன்றில் பேப்பர் கன்சர்வேட்டராக இருக்கும் ஒரு அக்காவைப் போய்ப் பார்த்தேன். லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"டேப்பை எடுத்துடலாம் தம்பி. ஆனா பசையைக் கரைக்கிற திரவம் பேனா மையையும் கரைச்சிடும். பேரும் சேர்ந்து போயிடும்."

"அப்போ என்னக்கா பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். இப்பதைக்கு அதுதான் சரி. இன்னும் பத்து வருஷத்துல யாராவது வேற வழி கண்டுபிடிக்கலாம். அவங்க வேலை செய்ய ஏதாவது மிச்சம் இருக்கணும்ல?"

எனக்கு வாட்டர்ஸ் ஞாபகம் வந்தது. அவர் 1971இல் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்குப் போன பிறகு ஊக்கப்படுத்திய வேலைகளில் ஒன்று, சேதமான புத்தகங்களுக்கு அளவெடுத்துப் பெட்டி செய்வது. எல்லாவற்றையும் உடனே சரிசெய்ய முடியாது. முதலில் இதற்கு மேல் கெடாமல் பார்த்துக்கொள்வோம் என்பதுதான் யோசனை.

அக்கா நோட்டை அமிலமில்லாத அட்டையில் மடித்துக் கட்டிக் கொடுத்தார். கூடவே இரண்டு அட்வைஸ், உங்களுக்கும் சேர்த்துத்தான். நனைந்த புத்தகத்தின் பக்கங்களைப் பிரிக்காதீங்க. ஒரு கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது, யோசிக்க நேரம் கிடைக்கும். அப்புறம், செல்லோடேப்பைத் தொடவே தொடாதீங்க.

அப்பாவிடம் வந்து சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். நாலு பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார், பென்சிலில். அதில் இரண்டு பேரின் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பேசியும் விட்டார். ஐந்தாவது பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டு, இடம் விட்டு வைத்திருக்கிறார்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.