கல்லும் குளமும்: துணுக்காய் நிலத்தை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கல்வெட்டுகளிலிருந்தோ வையாபாடல் போன்ற நூல்களிலிருந்தோ தொடங்குவர். கல்வெட்டுக்கு முன்னரே கல் உண்டு என்பது கருத்திற் கொள்ளப்படுவதில்லை. மக்கள் எங்கே குடியேறினர், எவ்வாறு நீர் தேடினர் என்னும் வினாக்களுக்கு நிலத்தடிப் பாறையும் விடை தரும். துணுக்காயை முன்வைத்து இதனை ஈண்டு நோக்குவோம்.

இலங்கையின் பெரும்பகுதி ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பளிங்குருப் பாறைகளால் ஆனது. உயர் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய இப்பாறைகளில் உயிர்ச்சுவடுகள் இல்லை. புத்தளத்திலிருந்து முல்லைத்தீவு நோக்கி ஏறத்தாழ ஒரு கோடு வரையின், அதற்கு வடமேற்கே அமைவது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். துணுக்காய் இவ்வெல்லை வலயத்தை அண்டியது. மண்ணும் வண்டலும் மூடியிருப்பதால் எல்லை கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இச்சுண்ணாம்புக்கல் ஆழமற்ற வெப்பக் கடலொன்றின் படிவாகும். பவளம், சிப்பி, நுண்ணிய ஒருகல உயிர்களின் ஓடுகள் ஆகியன இதனுட் பதிந்துள்ளன. வேலண்டும் டேவிசும் 1923இல் வெளியிட்ட ஆய்வு இப்படைகளின் காலத்தை ஆராய்ந்த முன்னோடி முயற்சியாகும். 'தபெரினா மலபாரிகா' எனும் நுண்ணுயிரின் ஓடு கேரளத்துக் கொல்லத்துப் படைகளிலும் யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லிலும் காணப்படுகின்றது. ஒரு கோடியே ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே இரு கரைகளும் ஒரே வகைக் கடலுயிர்களைக் கொண்டிருந்தன என்பது இதனாற் பெறப்படும்.

அதற்கும் முந்திய கிரித்தேசியக் காலக் கடலின் சான்றுகள் தமிழகத்து அரியலூரில் நிலத்தின் மேலேயே கிடைக்கின்றன. பாக்கு நீரிணைப் பகுதியிலோ அக்காலப் படைகள் ஆழத்திற் புதைந்துள்ளன.

குமரிக்கண்டக் கொள்கையினர் இச்சான்றுகளைத் தம் பக்கம் சேர்க்க முற்படலாம். ஆயின் இக்கல் கூறுவது கடல் கொண்ட நிலத்தின் கதையன்று. நிலமாகிய கடலடியின் கதை. பனியூழியின் பின் கடல்மட்டம் உயர்ந்து, தமிழகத்தையும் ஈழத்தையும் இணைத்த தரை மூழ்கியதும் உண்மையே. அஃது அண்மைய சில ஆயிரம் ஆண்டுகளின் நிகழ்ச்சி. இரண்டையும் ஒன்றாக்குதல் ஆய்வாகாது.

இனி நீரை நோக்குவோம். சுண்ணாம்புக்கல் மழைநீரில் கரைந்து துளைகளும் குகைகளும் கொள்ளும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவற்றுட் புகும் நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. எனவே அங்கு கிணறே வேளாண்மையின் ஆதாரமாயிற்று. பளிங்குருப் பாறையோ நீரை எளிதில் உள்வாங்குவதில்லை. மழை தரைமேல் ஓடும். ஓடும் நீரை அணைகட்டி மறித்தாலன்றிப் பயிரில்லை. பாலியாற்றை மறித்தெழுந்த பழைமை வாய்ந்த வவுனிக்குளம் இதற்குச் சான்று. யாழ்ப்பாணத்தான் உழைப்பாளி, வன்னியான் காட்டுவாசி என்ற பழம்பேச்சு, கிணற்றுக்கும் குளத்துக்குமுள்ள இவ்வேறுபாட்டை மனிதரின் குணவேறுபாடாகத் திரித்ததேயாகும்.

எனினும் பாறையே வரலாற்றைத் தீர்மானித்தது என நாம் கூறவில்லை. பாறை வரம்பை வகுத்தது; குளத்தைக் கட்டியது கூட்டு உழைப்பு. அவ்வுழைப்பின் அமைப்புக் குலைந்தபோது குளங்கள் உடைந்தன, காடு பரவியது. வவுனிக்குளம் 1950களில் திருத்தப்பட்டபோது வயல்கள் மீண்டன. 2008இல் போர் துணுக்காய் மக்களைப் பெயர்த்தபோது வயல்கள் மீண்டும் தரிசாயின. இம்மாற்றங்கள் எவற்றிலும் பாறை மாறவில்லை. மாறியது மனித நிலைமையே.

காங்கேசன்துறையில் 1950 முதல் 1990 வரை சீமெந்துக்காக அகழப்பட்ட கல்லோடு அதன் உயிர்ச்சுவடுகளும் அரைபட்டுப் போயின. இன்று வன்னியிற் கிணறுகளும் குழாய்க் கிணறுகளும் புதிதாகத் தோண்டப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் எந்த ஆழத்தில் எக்கல் வந்தது என்பதைக் கிணறு வெட்டுவோர் அறிவர். அதனைக் கேட்டுப் பதிவோர்தாம் அரியர். வரலாற்று மாணவரும் புவியியல் மாணவரும் சேர்ந்து இப்பணியைத் துணுக்காயிலிருந்து தொடங்குவாராயின், வன்னி வரலாற்றின் முதல் அதிகாரத்துக்குச் சான்றுகள் கிட்டும்.