பால்மரம் கற்பித்த பாடம்

பொருள்கள் திடம், திரவம், வாயு என்னும் மூன்று நிலைகளில் உள்ளன என்பது பள்ளிப் பாடம். செமினி வட்டாரத் தோட்ட மக்கள் இதைப் புத்தகமின்றியே நாள்தோறும் கையாண்டு வந்தார்கள்.

1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 இரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டுசென்றார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அங்குள்ள பூங்காவுக்கு 1888-இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்துக்குக் கேடின்றிப் பட்டையைச் சீவும் முறையை வகுத்தார். 1890-களில் செமினிக்கு அண்மையிலுள்ள காஜாங்கில், கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் இரப்பர் பயிரிட்டனர். பின்னர் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் அவற்றில் உளி பிடித்தனர்.

மங்கில் வடியும் பால் ஒரு கலவை. நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு இரப்பர். மீதி பெரும்பாலும் நீர். நுண்ணிய இரப்பர் துகள்கள் அந்நீரில் மிதக்கின்றன. அவற்றைப் போர்த்தியுள்ள புரதம் எதிர் மின்னூட்டம் உடையது. ஆகவே அவை ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. ஃபார்மிக் அமிலத்தை ஊற்றினால் அத்தள்ளுதல் நீங்குகிறது. துகள்கள் ஒட்டிக் கட்டியாகின்றன. அம்மோனியாவைச் சேர்த்தாலோ பால் உறையாமல் நிற்கும்.

உறைந்த பனிக்கட்டி மீண்டும் நீராகும். உறைந்த பால் மீண்டும் பாலாகாது. ஆயினும் திரும்பாத மாற்றமெல்லாம் புதுப் பொருளை உண்டாக்குவதில்லை. பாலில் இருந்த அதே இரப்பர்தான் கட்டியிலும் இருக்கிறது. புகைக்கூடத்தில் சீட்டு காய்வது, நீர் ஆவியாகும் பௌதிக மாற்றம். 1839-இல் குட்இயர் கண்டறிந்தபடி கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போதுதான் மூலக்கூறுகள் பிணைந்து, உண்மையான இரசாயன மாற்றம் நிகழ்கிறது.

இரப்பர் எதனால் ஆனது? 1826-இல் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்து, அதில் 5 கார்பனுக்கு 8 ஹைட்ரஜன் என்னும் அளவு உள்ளதெனக் கண்டார். இச்சிறு அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலியே இரப்பர் என்பது 1920-இல் ஸ்டௌடிங்கர் சொன்ன கருத்தால் தெளிவாயிற்று.

நேயர்களே, இந்த அறிவு வெறும் ஏட்டறிவன்று. பல தோட்டங்களில் கூலி, வாளியிலுள்ள பாலின் கனத்துக்கன்று, அதிலுள்ள உலர்ந்த இரப்பருக்கே கணக்கிடப்பட்டது. அதை அளக்க மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இறக்கினார்கள். இரப்பர் நீரைவிட இலேசானது. எனவே கெட்டியான பாலில் கருவி ஆழமாக இறங்கும், நீர்த்த பாலில் உயர்ந்து நிற்கும். மழைநீர் கலந்த நாளில் வாளி நிறைந்தும் கணக்குக் குறைந்ததன் காரணம் இதுதான். அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்தவர் தம் கூலியைத் தாமே சரிபார்க்க முடிந்தது. தெரியாதவர் பிறர் சொன்ன எண்ணையே நம்ப வேண்டியிருந்தது.

இன்று அக்காடுகளில் பல, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. பால் வெட்டிய முதியோர் உங்கள் வீட்டில் இருந்தால், பால் எப்படி உறைந்தது என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். வேதியியலின் முதற்பாடம் அவர்களிடம் இருக்கிறது.