முடித்தவரின் பெயர்

தையல் வகுப்பில் ஊசி பிடித்த நம் எல்லோருக்கும், ஒரு வேலையைத் தொடங்குவதிலும் முடிப்பதே கடினம் என்பது தெரியும்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண்கள் துண்டுத் துணிகளை இணைத்து ‘குவில்ட்’ என்னும் போர்வைகளைத் தைத்தனர். மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் இறுதி வேலைக்கு அயற்பெண்கள் ஒரு சட்டத்தைச் சுற்றிக் கூடினர்.

1989இல் கென்டக்கி மாநிலத்துப் படூக்கா நகரக் கண்காட்சியில், கேரல் பிரையர் ஃபாலர்ட் வீட்டுத் தையல் இயந்திரத்தால் முடித்த போர்வை முதன்மைப் பரிசைப் பெற்றது. இயந்திரத் தையல் கைவேலையாகுமா என்று பெரும் சர்ச்சை எழுந்தது.

பின்னர் ‘லோங் ஆர்ம்’ எனப்படும் நீள்கை இயந்திரங்கள் பெருகின. இதில் போர்வை உருளைகளில் விரிந்திருக்க, இயந்திரத் தலையே அதன்மேல் நகரும். கைப்பிடியைப் பிடித்து நகர்த்தியே இறகும் கொடியுமாகக் கோலமிடலாம். கணினியைக் கொண்டும் தைக்கலாம். துணியை இணைப்பவர் ஒருவர், முடிப்பவர் இன்னொருவர் என்பது வழமையாயிற்று. கண்காட்சிகள் பலவற்றில் இருவர் பெயரும் எழுதப்படுகின்றன.

அன்று சட்டத்தைச் சுற்றியிருந்து தைத்தவர்களுள் பெரும்பாலானோரின் பெயர்கள் எங்கும் பதியப்படவில்லை. கைவேலையை அழித்துவிடும் என்று அஞ்சிய இயந்திரமே, முடித்தவருக்கும் ஒரு பெயரைத் தேடிக்கொடுத்தது.